ஒரே பொருள்தானே? நெருங்கிய ஆங்கிலச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்குப் போகிறவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் வரும் மாலை ஆங்கில வகுப்பு ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். இலக்கணத்தில் தடுமாறுகிறவர்களைவிட, இலக்கணம் சரியாக இருந்தும் சொல் பொருந்தாமல் நிற்கிறவர்களே அங்கே அதிகம். ஆண்டு மாறினாலும் ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வாக்கியத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் பழகிவிடும்.

அர்த்தம் ஒன்றாக இருந்தால் எந்த வார்த்தையைப் போட்டால் என்ன? புரிந்தால் போதாதா?

தமிழ் கற்க வரும் ஓர் ஆங்கிலேயரை நினைத்துப்பாருங்கள். ‘ரைஸ்’ என்பதற்கு அவருடைய அகராதி நெல், அரிசி, சோறு என்று மூன்று சொற்களைக் காட்டுகிறது. அவர் மளிகைக் கடைக்குப் போய், “ஒரு கிலோ சோறு கொடுங்கள்” என்கிறார். கடைக்காரருக்குப் புரியும், அரிசியை நிறுத்துக் கொடுத்தும் விடுவார். ஆனாலும் அந்த வாக்கியம் நம் காதில் எப்படி உறுத்துகிறது? நாம் ‘பார்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ‘சீ’, ‘லுக்’, ‘வாட்ச்’ மூன்றையும் கலந்து பேசும்போது அவர்கள் காதிலும் அப்படித்தான் உறுத்துகிறது.

சில இடங்களில் உறுத்தலோடு முடிந்துவிடும். சில இடங்களில் பொருளே தலைகீழாகும். ‘ஃபேமஸ்’, ‘நொட்டோரியஸ்’ இரண்டுக்கும் பெயர்பெற்ற என்று எழுதிவைத்திருந்த ஒரு மாணவர், தான் மிகவும் மதிக்கும் விஞ்ஞானியைப் பற்றிய கட்டுரையில் இரண்டாவது சொல்லைப் போட்டுவிட்டார். அது கெட்ட பெயர் எடுத்தவர்களுக்கு உரிய சொல். அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் நான் இந்தக் குறிப்புகளை எழுதிவைக்கத் தொடங்கினேன்.

ஒரே பொருளுக்கு ஆங்கிலத்தில் ஏன் இத்தனை வார்த்தைகள்?

வரலாறுதான் காரணம். 1066-ல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தை வென்றார். அதன்பின் நீண்ட காலம் அரசவையும் பிரபுக்களும் பிரெஞ்சு பேசினார்கள், தேவாலயமும் கல்வியும் லத்தீனில் நடந்தன, உழவர்கள் பழைய ஆங்கிலத்தையே பேசினார்கள். மூன்றும் கலந்தபோது ஒரே செயலுக்கு மூன்று சொற்கள் தங்கிவிட்டன. ‘ஆஸ்க்’ உள்ளூர்ச் சொல், ‘கொஸ்டின்’ பிரெஞ்சு வழி வந்தது, ‘இன்டராகேட்’ லத்தீன். வீட்டில் அம்மா ஆஸ்க் செய்கிறாள், நிருபர் அமைச்சரை கொஸ்டின் செய்கிறார், காவல்துறை கைதானவரை இன்டராகேட் செய்கிறது.

விலங்குகளின் பெயரிலும் இந்தப் பிளவு தெரிகிறது. வயலில் நிற்கும்போது ‘கவ்’, ‘ஷீப்’. தட்டுக்கு வந்ததும் ‘பீஃப்’, ‘மட்டன்’. மேய்த்தவன் சொல் ஒன்று, உண்டவன் சொல் வேறு. பொதுவாக, குட்டையான சொல் வீட்டுக்கும் நீளமான சொல் அலுவலகத்துக்கும் பொருந்தும் என்று தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். நண்பரிடம் பேசும்போது ‘கமென்ஸ்’ என்றால் சட்டை போட்டு டை கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்ததுபோல் இருக்கும், ‘ஸ்டார்ட்’ போதும்.

சீ, லுக், வாட்ச் மூன்றுமே ‘பார்’தானே சார்?

கண்ணில் பட்டால் சீ. கண்ணைத் திருப்பினால் லுக். கண்ணை எடுக்காமல் இருந்தால் வாட்ச். பஸ்ஸில் போகும்போது பழைய நண்பர் கண்ணில் பட்டார், அது சீ. “இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்” என்றால் லுக். கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்ப்பது வாட்ச், ஏனென்றால் நடந்துகொண்டிருக்கும் ஒன்றைத் தொடர்ந்து கவனிக்கிறோம். மூன்றாவது மறந்துபோனால் வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். ‘வாட்ச்’ என்பதும் விழித்திருப்பதைக் குறிக்கும் ‘வேக்’ என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இரவெல்லாம் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் அவர்.

திரைப்படம் மட்டும் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். திரையரங்குக்குப் போய்ப் பார்த்தால் சீ என்றும் சொல்வார்கள். வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தால் பெரும்பாலும் வாட்ச்தான்.

அப்படியானால் ஹியர், லிசன்?

மேலே சொன்ன சீயும் லுக்கும் போலத்தான். காதில் விழுந்தால் ஹியர், காதுகொடுத்துக் கேட்டால் லிசன். தமிழில் நாம் ‘கேள்’ என்ற ஒரே வினையை வைத்து இரண்டையும் சொல்வதோடு, வினாக் கேட்பதையும் அதிலேயே சொல்கிறோம். அதனால் ‘கேள்’ என்று மனத்தில் மொழிபெயர்க்காதீர்கள். ‘காதில் விழுந்தது’, ‘காதுகொடுத்தேன்’ என்று மொழிபெயர்த்துப் பாருங்கள். குழப்பம் போய்விடும். வித்தியாசம் தமிழில் இல்லை என்று நாம் நினைக்கும் பல இடங்களில் அது வேறொரு தொடரில் உட்கார்ந்திருக்கிறது.

சே, டெல்: எது எங்கே வரும்?

டெல் என்றால் யாரிடம் என்பது உடனே வர வேண்டும்: டெல் மீ, டெல் ஹிம். சே என்றால் என்ன சொன்னார் என்பதே முக்கியம். ஆளைச் சேர்த்தால் நடுவில் ‘டு’ வேண்டும். பொய், உண்மை, கதை மூன்றும் விதிவிலக்கு. அவற்றுக்கு ஆள் இல்லாவிட்டாலும் டெல்தான்.

பாரோ, லெண்ட் இரண்டும் எனக்கு எப்போதும் மாறிப்போகிறது. ஒரு வழி சொல்லுங்கள்.

பாரோ என்றால் இரவல் வாங்குவது. லெண்ட் என்றால் இரவல் கொடுப்பது. இங்கே கடன் என்ற சொல்லைத் தொடாமல் இரவல் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். பணம் என்றால் கடன் அல்லது கைமாற்று, நகையோ புத்தகமோ என்றால் இரவல் என்று நாம் பிரிக்கிறோம். ஆங்கிலம் அப்படிப் பிரிப்பதில்லை. பேனாவுக்கும் பாரோதான், பணத்துக்கும் பாரோதான்.

பேனா வேண்டும் என்று கேட்கிறீர்கள் என்றால், நீங்கள் செய்யப்போவது வாங்குவது: “கேன் ஐ பாரோ யுவர் பென்?” அவர் செய்யப்போவது கொடுப்பது: “கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்?” ‘ஐ’யோடு பாரோ, ‘யூ’வோடு லெண்ட். உதவி கேட்கும் வாக்கியங்களுக்கு இது போதும்.

இப்படிச் சின்னச் சின்னதாகப் பிரித்துப் பார்ப்பது ஆங்கிலேயர் பழக்கமா? நம் மொழியில் இது இல்லையே?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் உண்மை நேர்மாறானது. ஈ, தா, கொடு மூன்றும் கேட்பதற்குரிய சொற்கள்தான். ஆனால் தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்கும்போது ஈ, சமமானவரிடம் தா, தாழ்ந்தவரிடம் கொடு என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வரையறுக்கிறது. அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், ஆனால் அவனுக்குக் கொடுத்தான்.

இதை ஏன் ஆங்கில வகுப்பில் சொல்கிறேன்? ‘பிரிங்’, ‘டேக்’ இரண்டும் ஏறத்தாழ இந்த விதியின்படியே நடக்கின்றன. நான் இருக்கும் இடத்துக்கோ நீங்கள் இருக்கும் இடத்துக்கோ கொண்டுவந்தால் பிரிங். மூன்றாவது ஓரிடத்துக்குக் கொண்டுபோனால் டேக். டேக் என்றால் ‘எடு’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததால்தான் இது குழம்புகிறது. கொண்டுவா, கொண்டுபோ என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் தவறு வராது.

“ஐ ஹேவ் எ டவுட்” என்று சொல்லக் கூடாதாமே, உண்மையா?

இந்தியாவுக்குள் தாராளமாகச் சொல்லலாம். இங்கே ஆசிரியர்களும் மாணவர்களும் அன்றாடம் சொல்கிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது. நமக்குச் சந்தேகம் என்றால் தெரியாததைக் கேட்பதும் சந்தேகம்தான், நம்பாமல் இருப்பதும் சந்தேகம்தான். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் டவுட் பெரும்பாலும் இரண்டாவதை மட்டுமே குறிக்கும்.

என் மாணவி ஒருவர் வெளிநாட்டு மேலதிகாரியோடு நடந்த கூட்டத்தில், “உங்கள் திட்டத்தில் எனக்கு ஒரு டவுட்” என்று பணிவாகத் தொடங்கினார். திட்டம் தேறாது என்று அவர் சொல்வதாக மேலதிகாரி எடுத்துக்கொண்டார். விளக்கம் கேட்கத்தான் வாய் திறந்தேன் என்று புரியவைக்க அவருக்கு அரை மணி நேரம் ஆனது. வெளியாரோடு பேசும்போது ‘கொஸ்டின்’ என்று சொல்லிவிடுங்கள். அதற்காக நம் ஊரில் டவுட் கேட்கிறவரைத் திருத்த வேண்டாம்.

இன்றைக்கு கிளைமேட் நன்றாக இருக்கிறது என்கிறோமே, அது சரியா?

சரியில்லை. இன்றைக்கு இருப்பது வெதர். ஓர் ஊரில் பல ஆண்டுகளாக எப்படி இருந்துவருகிறது என்பது கிளைமேட். வழக்கமாக 30 ஆண்டு சராசரியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்துக்கு வடகிழக்குப் பருவமழை வரும் என்பது கிளைமேட். நாளை மாலை இடியோடு மழை பெய்யலாம் என்பது வெதர். வானிலை, காலநிலை என்று நம் செய்தித்தாள்கள் சரியாகவே பிரித்து எழுதுகின்றன.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இந்த இரண்டு சொற்களும் கலந்துபோனால், “இன்று குளிராகத்தானே இருக்கிறது, புவி எங்கே சூடாகிறது?” என்று கேட்கத் தோன்றும். ஒரு நாள் வெதரைக் காட்டிக் கிளைமேட்டை மறுக்க முடியாது.

காற்றுக்கு ஸ்ட்ராங் வருகிறது. மழைக்கு மட்டும் ஏன் ஹெவி? ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்றால் என்ன தவறு?

இதற்குத் தர்க்கம் தேடாதீர்கள். சொற்களுக்கும் உறவு, பழக்கம், சகவாசம் உண்டு. நாம் பூவைப் பறிக்கிறோம், நெல்லை அறுக்கிறோம், கீரையைக் கிள்ளுகிறோம். மூன்றும் செடியிலிருந்து பிரிப்பதுதான். ஆனாலும் “பூவை அறுத்தேன்” என்று யாராவது சொன்னால் மனம் ஒரு கணம் நின்றுவிடும். அதுபோல ரெயின் என்றால் ஹெவி, விண்ட் என்றால் ஸ்ட்ராங். டீயும் ஸ்ட்ராங், இதை நம் டீக்கடைகளே நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டன. ஆனால் கார் இன்ஜின் நன்றாக இழுத்தால் அது ‘பவர்ஃபுல்’. டீக்கு அந்தச் சொல் ஒட்டாது.

ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்தே அறிய வேண்டும் என்ற கருத்தை மொழியியலில் அழுத்தமாக முன்வைத்தவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜே.ஆர். ஃபெர்த். லண்டனில் பேராசிரியராவதற்கு முன் 1920-களில் அவர் லாகூரில் ஆங்கிலம் கற்பித்தவர்.

ஹெவி என்ற சொல் அறிவியலில் அளவாகவே மாறியிருக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் இந்திய வானிலை ஆய்வு மையம் ஹெவி என்கிறது. நாம் கனமழை என்கிறோம். அதற்குமேல் 204.4 வரை மிக கனமழை, அதையும் தாண்டினால் அதி கனமழை. அறிவிப்பில் ஒரு ‘மிக’ கூடினால் மழை ஏறத்தாழ இரட்டிப்பாகலாம். அந்தச் சிறு சொல்லைக் கவனியுங்கள்.

டினை, ரெஃப்யூஸ் இரண்டும் ‘மறுத்தார்’தானே?

ஆம், சிக்கலே அதுதான். “குற்றச்சாட்டை அமைச்சர் மறுத்தார்”, “கூட்டத்துக்கு வர அமைச்சர் மறுத்தார்” என்று ஒரே நாளிதழில் இரண்டு செய்திகள் வரலாம். முதலாவது டினை: அது உண்மையில்லை என்கிறார். இரண்டாவது ரெஃப்யூஸ்: செய்ய மாட்டேன் என்கிறார். அழைப்பைப் பணிவாக மறுத்தால் ‘டிக்ளைன்’.

வெல் என்ற வினையும் இப்படித்தான். போட்டியையும் வெல்கிறோம், எதிராளியையும் வெல்கிறோம். ஆங்கிலத்தில் போட்டிக்கும் கோப்பைக்கும் ‘வின்’, ஆளுக்கும் அணிக்கும் ‘பீட்’. “வீ வான் தெம்” என்று எழுதியதைப் பல விடைத்தாள்களில் திருத்தியிருக்கிறேன்.

ஸ்டீல், ராப் இரண்டும் திருட்டுதானே? இதில் என்ன நுணுக்கம்?

ஸ்டீல் செய்வது பொருளை. ராப் செய்வது ஆளையோ வங்கியையோ. பணப்பை களவு போனால் பைக்கு ஸ்டீல், பறிகொடுத்தவருக்கு ராப். இது மொழி வழக்கு.

சட்டத்தில் இதே வேறுபாடு ஆண்டுக்கணக்கில் சிறையாக மாறும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் ‘தெஃப்ட்’ எனப்படும் சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை. திருடும்போது அடித்தாலோ, உடனே அடிப்பேன் என்று அஞ்சவைத்தாலோ அது ‘ராபரி’. 10 ஆண்டு வரை. அதுவே நெடுஞ்சாலையில் சூரிய அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடையில் நடந்தால் 14 ஆண்டு வரை போகும். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் ‘டெகாய்ட்டி’ என்னும் கூட்டுக்கொள்ளை. ஆயுள் தண்டனை வரை உண்டு. நான்கு பேர் என்றால் அந்தச் சொல் பொருந்தாது. டெகாய்ட்டி நம் நாட்டிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல், இந்தி வழியாக.

ஃபியூ, எ ஃபியூ: ஓர் ‘எ’ இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

தமிழ் ஏகாரம் தெரிந்தவருக்கு இது ஒரு நிமிட வேலை. “சிலர் வந்தார்கள்” என்றால் எ ஃபியூ. “சிலரே வந்தார்கள்” என்றால் ஃபியூ. வந்த எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம்; இரண்டாவதில் போதவில்லை என்ற குறை ஒலிக்கிறது. அங்கே ‘எ’ விழுவதும் இங்கே ‘ஏ’ ஏறுவதும் ஒரே வேலையைச் செய்கின்றன. ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ என்பதற்கும் இதே பதில்.

ஸ்லிம் என்றால் மகிழ்கிறார்கள், ஸ்கின்னி என்றால் கோபப்படுகிறார்கள். இரண்டும் ஒல்லிதானே?

உடல் ஒன்று, பார்க்கிற கண் வேறு. கொடிபோன்ற இடை என்பதும் எலும்பும் தோலுமாக என்பதும் நமக்கு ஒன்றா? ஸ்லிம் பாராட்டு, ஸ்கின்னி பெரும்பாலும் குறை, ‘தின்’ நடுவில் நிற்கிறது. குழந்தை உள்ளம் ‘சைல்ட்லைக்’, சிறுபிள்ளைத்தனம் ‘சைல்டிஷ்’. முதல் கேள்வியில் சொன்ன விஞ்ஞானியின் கதையும் இந்த வகைதான். மனிதரைப் பற்றிய சொல் எதுவாக இருந்தாலும், பயன்படுத்துமுன் அது புகழ்கிறதா பழிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிக்கல், கிளாசிக், கிளாசிக்கல். வால் நீண்டால் அர்த்தம் மாறுமா?

மாறும். 1943-ஆம் ஆண்டு ரேஷன் ரசீது ஒன்று உங்கள் தாத்தாவின் பெட்டியில் கிடைத்தால் அது ஹிஸ்டாரிக்கல். கடந்த காலத்தைச் சேர்ந்தது, அவ்வளவுதான். 1947 ஆகஸ்ட் 15 ஹிஸ்டாரிக். வரலாற்றைத் திருப்பிய நாள். 2004-ல் மத்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தபோது அது தந்த தகுதியின் பெயர் ‘கிளாசிக்கல் லாங்குவேஜ்’. ‘கிளாசிக்’ என்று எழுதினால் தனித்துச் சிறந்தது, என்றும் மங்காதது என்ற பாராட்டாகிவிடும். பாராட்டில் பிழையில்லை, ஆனால் ஆணையில் உள்ள சொல் அதுவல்ல. ‘எகனாமிக்’ பொருளாதாரம் சார்ந்தது, ‘எகனாமிக்கல்’ சிக்கனமானது. எல்லா இணைக்கும் ஒரே விதி இல்லை. ஒவ்வொன்றாகத்தான் கற்க வேண்டும்.

பெட்ரோல் லாரியின் பின்னால் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கிறது. ‘இன்’ வந்தால் எதிர்ப்பொருள்தானே? தீப்பிடிக்காது என்று எழுதுவார்களா?

தீப்பிடிக்கும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ‘ஃப்ளேமபிள்’, ‘இன்ஃப்ளேமபிள்’ இரண்டும் ஒரே பொருள். இந்த ‘இன்’ மறுப்பு அல்ல. மூட்டுதல் என்ற பொருளுடைய ‘இன்ஃப்ளேம்’ என்ற வினையின் பகுதி. உங்களைப் போலவே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்பதால்தான் எச்சரிக்கைப் பலகைகளில் குட்டையான வடிவத்தைப் போட வேண்டும் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் விரும்புகிறார்கள். இந்த வேறுபாடு தெரியாமல் அந்த லாரியின் அருகே ஒருவர் தீக்குச்சி கிழித்தால் என்னாகும்? தீப்பிடிக்காது என்பதற்கு ‘நான்-ஃப்ளேமபிள்’ என்று இருக்கும்.

ஒரே ஆங்கில வார்த்தைக்கு நாட்டுக்கு நாடு அர்த்தம் மாறுமா?

மாறும், எதிரெதிராகவும் மாறும். ஒரு தீர்மானத்தை ‘டேபிள்’ செய்வது என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு முன்வைப்பது. அமெரிக்காவில் விவாதிக்காமல் தள்ளிவைப்பது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் தரப்பு ஓர் ஆவணத்தை உடனே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இந்தச் சொல்லைச் சொல்ல, அமெரிக்கத் தரப்பு கூடவே கூடாது என்று நீண்ட நேரம் வாதாடியதை சர்ச்சில் பதிவுசெய்திருக்கிறார். இரு தரப்பும் விரும்பியது ஒன்றையேதான். நம் நாடாளுமன்றம் பிரிட்டன் வழக்கைப் பின்பற்றுகிறது; அறிக்கையை டேபிள் செய்தார்கள் என்றால் தாக்கல் செய்தார்கள் என்று பொருள்.

‘குவைட் குட்’ என்பதும் அப்படித்தான். அமெரிக்கர் சொன்னால் பெரும்பாலும் நல்ல பாராட்டு. பிரிட்டிஷ்காரர் சொன்னால் பரவாயில்லை என்ற அளவில் நிற்கக்கூடும்.

எந்த அகராதியைப் பார்ப்பது?

ஆங்கிலம்–தமிழ் அகராதி முதல் உதவிக்கு நல்லது; நெருங்கிய சொற்களுக்கு அது போதாது, ஏனென்றால் இரண்டு சொல்லுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைத்தான் காட்டும். வேற்றுமொழியாளருக்காகவே எழுதப்பட்ட ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி மாணவர்களுக்காகத் தொகுத்து, 1948-ல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியிட்ட அகராதி இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. 1987-ல் வந்த கோபில்ட் அகராதி இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு பொருளையும் முழு வாக்கியத்திலேயே விளக்கியது. அதில் ஒரு சொல்லைத் தேடும்போதே அதன் கூட்டாளிகளும் தெரிந்துவிடுவார்கள். பொருளை விட்டுவிட்டு எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் நோட்டில் எழுதுங்கள் என்று என் வகுப்பில் சொல்கிறேன்.

எந்த வித்தியாசமும் இல்லாத ஜோடி ஒன்றுகூட இல்லையா? பிகின், ஸ்டார்ட்?

நெருங்கி வந்துவிட்டீர்கள். கூட்டம், மழை, வேலை, அழுகை எல்லாவற்றுக்கும் இரண்டையும் போடலாம். மேலே சொன்னதுபோல ‘கமென்ஸ்’ அளவுக்கு விறைப்பும் கிடையாது. பிகின் எழுத்துக்குச் சற்று நெருக்கம், ஸ்டார்ட் பேச்சுக்கு. ஆனால் காலையில் சாவியைத் திருகியதும் உங்கள் பைக் உறுமினால், அது ஸ்டார்ட் மட்டும்தான் ஆகும். எந்த ஊரிலும் எந்த பைக்கும் பிகின் ஆவதில்லை.